அத்தாளம் செய்த குற்றம் என்ன?



"மாலை ஏழு மணிக்குமேல் வாயைத் திறவாதே, மூன்றே திங்களில் மெலிந்துவிடுவாய்." இந்த அருள்வாக்கை இவ்வோராண்டில் எத்தனை பேர் கூறக் கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்கள் போதவில்லை. விடுதியில் கேட்டேன், ஆய்வுக்கூடத்தில் கேட்டேன், உடற்பயிற்சிக் கூடத்தின் வாயிலில் கேட்டேன், பேருந்தின் பின்னிருக்கையில் இரு பெருமக்கள் தமக்குள் பேசிக்கொள்ளவும் கேட்டேன். இரவுணவை நம் மலையாள நண்பர்கள் 'அத்தாழம்' என்பர். எங்கள் பாட்டி அதையே 'அத்தாளம்' என்பாள். எப்படி அழைத்தாலும் சரி, இந்நாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அதுதான். காலையில் தின்ற பூரி, பதினொரு மணி வடை, நடுப்பகல் பிரியாணி, நான்கு மணிப் பழம்பொரி ஆகிய எல்லோரும் விடுதலை பெற்றுவிட்டனர். இரவில் உண்ட இரண்டு தோசைக்கு மட்டும் தூக்குத் தண்டனை! இந்த வழக்கில் எதிர்வாதம் புரிய ஒருவராவது வேண்டாவா?

முதலில் என் வீட்டுக் கதை. நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடிக் காக்கநாட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 2004-இல் இங்கே இன்போபார்க் வந்தது. அதன் பின்னே வானை முட்டும் குடியிருப்புகள் வந்தன. அக்குடியிருப்பினரின் சட்டைகளைத் தேய்க்க என் தந்தையைப் போன்றோர் இஸ்திரி வண்டியோடு வந்தனர். காலை எட்டு மணிக்குப் பெட்டியில் கரி போட்டாரென்றால், கடைசி மூட்டையைக் கடைசி மாடியில் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். பத்தேகாலுக்குத் தட்டு நிறையச் சோறும் புளிக்குழம்பும் உண்பார். பதினொரு மணிக்கு உறங்கிவிடுவார். ஐம்பத்தொரு வயது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. ஏழு மணிச் சட்டம் முழு உண்மையானால் அவர் இந்நேரம் யானைக்குட்டியாக இருந்திருக்க வேண்டும் அன்றோ?

ஒருவரைக் காட்டி ஒரு விதியை நிறுவ முடியாது என்பதை உயிர்வேதியியல் மாணவனாகிய நான் அறிவேன். ஆகவே இதைச் சான்றாகக் கூறவில்லை. சிரித்துவிட்டு அப்பால் போயிருப்பேன். போக முடியாதபடி ஒன்று நடந்தது.

என் தாய் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்ப்பவர். நாற்பத்தாறு வயது, சற்றே பருத்த உடல், மூன்றாண்டுகளாகச் சர்க்கரை நோய். கடந்த ஆவணியில், ஓணம் கழிந்து இரண்டு வாரம் இருக்கும், இரவு இரண்டு மணிக்கு அவர் முனகும் ஓசை கேட்டு விழித்தேன். பாய் நனைந்திருந்தது. அத்தனை வியர்வை! கைகள் நடுங்கின. என்னைப் பார்த்து எதையோ கூறினார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வீட்டிலிருந்த சிறு கருவியில் இரத்தத்தைச் சோதித்தேன். 52 என்று காட்டியது. எழுபதுக்குக் கீழ் என்றாலே இடர். மூன்று கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்தேன், ஏறியிருந்தது. பிறகு இரண்டு இட்லி. பிறகே என் கைகள் நடுங்கத் தொடங்கின.

விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. வேலை பார்க்கும் இடத்தில் யாரோ அன்போடு கூறியிருக்கின்றனர், இரவுணவை விட்டால் எடை குறையும் என்று. ஒன்பது நாட்களாக அத்தாளம் இல்லை. எங்களிடம், "நான் ஆறு மணிக்கே சாப்பிட்டாச்சு" என்று கூறிவந்தார். ஆனால் இரவு மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஏன் என்று கேட்டேன். "மாத்திரை போட்டா சீனி குறையும், சாப்பாட்ட விட்டா எட குறையும். ரெண்டும் சேந்தா சீக்கிரம் கொணமாகும்னு நெனச்சேன்யா" என்றார்.

எவ்வளவு நேரான தருக்கம்! பிழை ஒன்றுதான். அம்மாத்திரை கிளிமெபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது அதன் தொழில். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை. இதை முந்திய பருவத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படம் வரைந்து எழுதியவன் நான். படம் வரைந்தேன், தாயின் தட்டைப் பார்க்கவில்லை.

அன்று தொடங்கி, உறங்குமுன் உண்பதற்கும் உடல் எடைக்கும் உள்ள உறவு யாதென்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

அடிப்படைக் கணக்கு ஒன்று உண்டு. உண்ட ஆற்றலுக்கும் செலவழித்த ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே உடலில் சேர்கிறது, அல்லது உடலிலிருந்து போகிறது. 1890-களில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்னும் அறிஞர் மனிதர்களை ஓர் அறைக்குள் வைத்து, அவர்கள் உண்டதையும் அவர்கள் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்து, இக்கணக்கு மனித உடலுக்கும் பொருந்தும் என்று காட்டினார். உறங்கும்போது உடல் கடையை மூடிவிடுவதில்லை. இதயம் துடிக்கிறது, மூளை வேலை செய்கிறது, கல்லீரல் ஓய்வதே இல்லை. நம்மைப் போன்ற உடல்வாகு உடையவர்க்கு ஏழு மணி நேர உறக்கத்தில் ஏறத்தாழ 350 கலோரி செலவாகிறது. 'இரவில் உண்டது அப்படியே கொழுப்பாகப் படிந்துவிடும்' என்பது உறக்கத்தைச் சாவாக எண்ணுவோர் கூற்று. எந்த வேளை உண்டாலும் உண்டவுடன் சிறிது சேமிப்பதும், பசித்தபோது சேமிப்பிலிருந்து எடுப்பதும் உடலின் வழக்கம். நாள் முடிவில், வார முடிவில் இருப்பு என்ன என்பதே கேள்வி.

இதற்கு ஆய்வுக்கூடத்துக்குக்கூடப் போக வேண்டுவதில்லை. மட்டாஞ்சேரிக்குப் போனால் போதும். அங்கே குஜராத்தியர் வாழும் தெருவில் அழகிய சமணக் கோயில் ஒன்று இருப்பதை நண்பர்கள் கண்டிருப்பீர்கள். நெறி வழுவாத சமணர் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. நம் நாட்டில் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணரிடையிலும் இவ்வழக்கம் உண்டு. இடுப்பளவைக் குறைக்கவா? இல்லை. விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியக்கூடாது என்னும் அருள் உள்ளம் அது. அதே மட்டாஞ்சேரியில், அதே சந்துகளில், இசுலாமியப் பெருமக்கள் இரமலான் மாதம் முழுவதும் இதற்கு நேர்மாறாக வாழ்கின்றனர். பகலெல்லாம் ஒரு துளி நீரும் இல்லை. கதிரவன் மறைந்தபின்னரே உணவு. விடியுமுன் மற்றோர் உணவு. ஒரு நாளின் உணவு முழுவதும் இரவில்! ஏழு மணிச் சட்டத்தார் கூற்றுப்படி அம்மாத முடிவில் அவர்கள் எல்லோரும் பருத்திருக்க வேண்டும். உலகின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன? சராசரியாக ஒரு கிலோ அளவில் எடை குறைகிறது. நோன்பு முடிந்த சில வாரங்களில் அது திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவே. இரவு உணவு என்பதற்காக உடல் யாரையும் தண்டிக்கவில்லை.

இன்னும் திட்டமாக அளந்தவர்களும் உளர். 2022-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தார் முப்பது பேரை எடுத்துக்கொண்டனர். நான்கு வாரம் காலையில் பெரும்பகுதி உணவு. மற்றொரு நான்கு வாரம் மாலையில் பெரும்பகுதி உணவு. மொத்த அளவு ஒன்றே. உணவு முழுவதையும் ஆய்வாளரே அளந்து கொடுத்தனர். இரண்டு முறையிலும் எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. இதுவும் அதுவும் ஒன்றே! உடல் செலவழித்த ஆற்றலிலும் வேறுபாடு இல்லை. ஆனால் காலையில் மிகுதியாக உண்டபோது நாள் முழுவதும் பசி குறைந்திருந்தது என்றனர். இந்தக் கடைசிச் செய்தியை மறவாதீர்கள். அதற்கு மீண்டும் வருவேன்.

நிற்க. எதிர்த்தரப்பின் சாட்சிகளை மறைப்பது நேர்மையன்று. அதே 2022-இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பதினாறு பேரை வைத்து நடந்த ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. ஒரே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி மிகுந்தது. 'போதும்' என்று மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் குறைந்தது. விழித்திருக்கும் வேளையில் உடல் செலவழிக்கும் ஆற்றலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தது. நாளொன்றுக்கு அறுபது கலோரி என்று கொள்ளுங்கள். நம் கணக்கில் அது ஓர் இட்லி. 2013-இல் ஸ்பெயினில் 420 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பிற்பகல் மூன்று மணிக்குமேல் பகலுணவு கொண்டோர் மற்றவரைவிடக் குறைவாகவே மெலிந்தனர். இஸ்ரேலில் அதே ஆண்டு 93 பெண்களிடம் செய்த ஆய்விலோ, காலையில் பேருணவு கொண்டோர் பன்னிரண்டு வாரத்தில் 8.7 கிலோவும், இரவில் பேருணவு கொண்டோர் 3.6 கிலோவும் குறைந்தனர். பெரிய வேறுபாடுதான். ஆயினும் அவர்கள் கொடுக்கப்பட்ட பட்டியலை வீட்டிலிருந்து தாமே பின்பற்றியவர்கள். பட்டியலுக்கும் வாய்க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை அளந்து பார்ப்பது எளிதன்று.

உடலுக்குள் கடிகாரம் உண்டு என்பதில் ஐயமில்லை. அதன் இயக்கத்தை மரபணு அளவில் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் குகை வௌவால்களிடத்தும், கடிகாரமும் கதிரொளியும் இல்லாத அறையில் தனித்திருந்த மனிதரிடத்தும் இந்த உள்கடிகாரத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர் என்பது தமிழ் மாணவராகிய நாம் அறிய வேண்டிய செய்தி. அந்தக் கடிகாரத்தின்படி இரவில் இன்சுலினின் வேலை மந்தமாகிறது. காலையில் உண்ட அதே சோறு இரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. ஆகவே சர்க்கரை நோயாளர் இரவில் அளவோடு உண்பது அறிவுடைமை. அளவோடு உண்பது வேறு. உண்ணாமலே கிடப்பது வேறு. என் தாய்க்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்து நான் கொண்ட கருத்து இது: எடைக் கணக்கில் அளவு பெரிய முள், நேரம் சிறிய முள். நேரம் தன் வேலையைப் பெரும்பாலும் பசி வழியாகவே செய்கிறது. பகலில் ஒழுங்காக உண்ணாதவன் இரவில் பேய்ப்பசியோடு பாய்கிறான். அதனால்தான் ஏழு மணிச் சட்டம் சிலருக்குப் பலிப்பது போலத் தோன்றுகிறது.

எனக்கே பலித்தது. சென்ற ஆண்டு ஒரு திங்கள் அந்தச் சட்டத்துக்கு நானும் அடிமையாயிருந்தேன். 81 கிலோ இருந்தவன் 79 ஆனேன். மார்தட்டிக்கொண்டேன். பிறகு என் செலவுக் குறிப்பேட்டைப் புரட்டினால் உண்மை சிரிக்கிறது. முந்திய மாதத்தில் பதினோரு இரவுகள் தட்டுக்கடைக்குப் போயிருக்கிறேன். ஒவ்வோர் இரவும் இரண்டு பரோட்டா, சால்னா, சர்க்கரை மிகுந்த தேநீர். பரோட்டா ஒன்றே 250 கலோரிக்குக் குறையாது. ஏழு மணிக்கு வாயை மூடியதால் மூடப்பட்டது தட்டுக்கடை வழி. இளைக்க வைத்தது கடிகாரம் அன்று, பரோட்டாவைப் பிரிந்த துயரம்! திங்கள் முடிந்தது, நண்பர்கள் அழைத்தனர், இரண்டு கிலோவும் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டன.

இச்சட்டத்தின்மேல் எனக்குள்ள பெருங்கோபம் வேறு. அது யாருக்காக எழுதப்பட்டது? ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஆறரைக்குக் குளித்து, ஏழு மணிக்கு மேசையில் அமரக்கூடியவனுக்காக. என் தந்தைக்கு அது பொருந்துமா? காக்கநாட்டில் இரவெல்லாம் விளக்கெரியும் கட்டடங்களில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் நம் தமிழ் இளைஞருக்கும், அக்கட்டடங்களின் வாயிலைக் காக்கும் காவலருக்கும் பொருந்துமா? அவர்களுக்கு நள்ளிரவே நடுப்பகல். அவர்களுடைய இடர் மெய்யானது என்பதையும் மறுக்கவில்லை. 2021-இல் 19 பேரை வைத்து இரவுப் பணியைப் போன்ற ஒழுங்கை ஏற்படுத்திப் பார்த்தபோது, இரவில் உண்டவர்க்கு இரத்தச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்க்கு ஏறவில்லை. ஆகவே இரவுப் பணிக்குப் போகும் நண்பரிடம், 'பெரிய சாப்பாட்டைப் புறப்படுமுன் வீட்டில் உண்டு போ. நள்ளிரவில் சிறிதாகக் கொள்' என்று கூறலாம். அது உதவி. 'ஏழுக்குமேல் உண்பவன் கட்டுப்பாடற்றவன்' என்பது வசை. கேரளத்தில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு சென்னை ஆய்வாளர் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அத்தனை பேர் மாத்திரை விழுங்கும் ஊரில், 'இரவுணவை விடு' என்று வழிப்போக்கனிடம் கூறுவது விளையாட்டன்று.

பெண் தோழியரிடமும் ஒன்று கூற வேண்டும். உணவைச் சுருக்குவது பெண்ணுக்கு அழகு என்று கொன்றைவேந்தன் காலத்திலிருந்து கூறிவருகின்றனர். பழைய நூல் கூறியதைப் புதிய கைப்பேசி கூறுகிறது, வேறுபாடு அவ்வளவே. நம் வளாகத்தில் இரவுணவின்றி உறங்கச் சென்று, மறுநாள் காலை நுண்ணோக்கியின் முன் கண் இருண்டு அமர்ந்துவிட்ட தோழி ஒருத்தியை நான் பார்த்தேன். பசித்த வயிறு உறங்க விடாது. உறங்காத உடல் மறுநாள் கூடுதலாகக் கேட்கும். சிகாகோவில் 2022-இல், குறைவாக உறங்கும் 80 பேரில் ஒரு பகுதியினரை நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உறங்க வைத்தனர். உணவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவர்கள் உண்பது தானாகவே நாளொன்றுக்கு 270 கலோரி குறைந்தது! தேர்வுக் காலத்தில் மூன்று மணிவரை விழித்துக்கொண்டு தோசையைக் குறை கூறும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் என்ன கூறினார்? முன் உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசிக்கிறதா என்று பார், அளவறிந்து உண். பத்துக் குறளிலும் மணிக்கணக்கு எங்குமே இல்லை. உண்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். இரண்டு மூன்று மணி இடைவெளி நல்லது. அதையும் இயன்றவன் கடைப்பிடிக்கட்டும்.

இனி நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் பலருக்கு ஆய்வுக்கூட வேலை எட்டரைக்கு முடிகிறது. உணவுக்கூடமும் எட்டரைக்கே மூடுகிறது. ஓடிவருபவன் காண்பது கழுவிக் கவிழ்த்த பாத்திரம். அவன் பத்தரை மணிக்குச் சாலையோரத்தில் பரோட்டா தின்னாமல் வேறென்ன செய்வான்? பெயர் கொடுத்தவர்க்கு ஒரு தட்டுச் சோறும் கறியும் ஒன்பதரை வரை மூடி வைக்க வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் கொடுப்போம். முதல் கையொப்பம் என்னுடையது. பழைய மலையாள வீடுகளில் இரவு படிப்புரைக் கதவைச் சாத்துமுன், 'அத்தாழப் பட்டினிக்காரர் எவரேனும் உண்டோ?' என்று வாயிலில் நின்று கூவிக் கேட்பார்களாம். அந்த நாட்டில்தான் நாமும் படிக்கிறோம். கேட்டால் கிடைக்காமலா போகும்?

என் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார். தேநீரில் சர்க்கரை நின்றது; வேலைக்கு ஆட்டோவில் போவது நின்று நடை தொடங்கியது; சோறு குறைந்து கீரையும் முட்டையும் கூடின. ஐந்து திங்களில் மூன்று கிலோ குறைந்திருக்கிறார். இரவுணவு எட்டேமுக்காலுக்கு. தனியே உண்ண விடுவதில்லை என்று நான் ஒரு சட்டம் போட்டிருப்பதால் அந்த நேரத்துக்கு நானும் தட்டின் முன் இருந்தாக வேண்டும். இதோ, "ஏய்யா, மணி ஒம்போதாகப் போவுது, எழுதுனது போதும், எந்திரிச்சு வா" என்று கூப்பிடுகிறார்.